இடது பக்கம் தட்டியவர்

ஜூன் 9

தம்பிக்கு, அண்ணி எழுதுகிறேன்.

போன் செய்யலாம்தான். உங்கள் குரலில் பாதி அவர் குரல் இருக்கிறது. நீங்கள் "அலோ" என்றதும் எனக்குச் சொல்ல வந்தது நின்றுபோகும். காகிதத்துக்குக் குரல் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் போய் இன்றைக்கு ஏழு வாரம். நீங்கள் வந்ததும், கடைசியில் ஓரமாக நின்றதும், ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பஸ் ஏறியதும் எனக்குத் தெரியும். குறை சொல்ல எழுதவில்லை. ரெண்டு வருஷம் பேசாத அண்ணனை அப்படிப் பார்க்க வந்தவரிடம் போய் என்ன குறை சொல்வது.

மத்தியானம் நடந்தது அது. நான் பக்கத்து அறையில் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் தகடு தட்டுகிற கொட்டாப்புளிச் சத்தம் நின்றது. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்து இன்னும் ஒரு முழம் தையல் ஓட்டினேன். அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சிவப்பு இத்தாலிக் கார் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. இடது முன் சக்கரத்துக்கு மேலே மட்கார்டு இல்லை. உள்ளே இருக்கிற குழாயும் கம்பியும் தெரிய, ஒரு கை மட்டும் தைக்காமல் விட்ட சட்டை மாதிரி நிற்கிறது.

போன வாரம் காருக்குச் சொந்தக்காரர், நம் பல் டாக்டர் வந்தார். நிறுத்தி வைத்த காரின்மேல் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்து முன்பக்கம் ஏறிய அன்றைக்கே அவர் பாதி ஆளாகிவிட்டார், உங்களுக்குத் தெரியும். வேலை என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அரை மணி நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போதுதான் சொன்னார். பட்டறை இடத்தைச் செப்டம்பர் கடைசியில் காலி பண்ணச் சொல்கிறார்கள் அல்லவா, அதற்குமேல் காரை வைக்க இடம் இல்லை. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேட்டாராம். ஃபைபரில் ஒன்று வார்த்து ஒட்டி, மேலே பட்டி பூசி, ரெண்டே நாளில் தருகிறோம் என்றார்களாம். இதைச் சொல்லும்போது அவர் முகம், நல்ல பல்லைப் பிடுங்கச் சொன்ன மாதிரி இருந்தது.

உங்கள் அண்ணன் அடித்துக்கொண்டிருந்த மட்கார்டு பாதியில் கிடக்கிறது. அதன்மேல் யாரோ பட்டி பூசுவதை என்னால் பார்க்க முடியாது. அதை முடிக்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். வந்து முடித்துக் கொடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

அண்ணி


ஜூன் 24

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வர முடியாது. லீவு கிடைக்கும், அது காரணம் இல்லை.

அந்த மட்கார்டை நான் ஏற்கெனவே ஒரு முறை செய்து கொடுத்தாயிற்று. நல்லபடியாக இருக்கிற வலது பக்கத்துக்குப் பேப்பர் வைத்து வெட்டி, அதைத் திருப்பிப் போட்டு, பதினொரு இடத்தில் அளவு பார்த்துப் பார்த்து நாற்பது நாள் தட்டினேன். போல்ட்டு எல்லாம் ஓட்டையில் போய் உட்கார்ந்தது. நீங்களும் பார்த்தீர்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கார் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் வந்தார், பார்த்தார், உள்ளே போய்த் தகரக் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து அதை நடுவில் வெட்டினார். "இத பொம்மக் காருக்கு வெச்சுக்க" என்றார்.

"ஸ்கேல் வெச்சுப் பாருண்ணே. ஒரு நூல் தப்புன்னா என் கைய வெட்டு."

"ஸ்கேலுக்குக் கண்ணு இருக்கா?"

இதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. இதைவிட நல்ல பேச்சு ஒன்று பேசியிருக்கலாம். இனிமேல் முடியாது. செத்தவரிடம் சண்டை போடவும் முடியவில்லை, சமாதானம் ஆகவும் முடியவில்லை. என்னை அந்தப் பட்டறைக்குக் கூப்பிடாதீர்கள்.

இங்கே பஸ் பாடி கட்டுகிற வேலை. எல்லாம் நேர்கோடு. பஸ்ஸுக்கு இடுப்பு கிடையாது. நிம்மதியாக இருக்கிறேன்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நிம்மதியாக இருக்கிறவர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார். சரி, அதை விடுங்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. இத்தனை வருஷம் அந்தக் காரை நான் பார்த்ததே இல்லை. கண்ணில் படும், பார்த்ததில்லை. எனக்கு அது சக்களத்தி. ரெண்டு பேர்தான் உட்காரலாம். ஒரு பை காய்கறி வைக்க இடம் கிடையாது. தரைக்கும் அதற்கும் நாலு விரல்தான் இடைவெளி. தெருவில் ஒரு குழி வந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதற்குப் போய் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் டிரைவரும் கணக்கு டீச்சரும் தையல்காரரும் எங்கிருந்தோ வந்து, எஞ்சின்கூட ஓடாத வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். தொட மாட்டார்கள். பேச்சுகூடக் குறைந்துவிடும். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு டீ போட்டுக் கொடுப்பேன்.

அவர் போன பிறகு, சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்குப் போகிறது. அதனால் தினமும் காலையில் அந்தக் காரைத் துடைக்க ஆரம்பித்தேன். மண்ணெண்ணெய் துளி விட்ட மெல்லிசுத் துணி, அவர் துடைப்பாரே அதே மாதிரி. வலது பக்க ஹெட்லைட்டில் துணியை வைத்தேன். தம்பி, துணியை நான் இழுக்கவில்லை. அதுவே போகிறது. சக்கரத்துக்கு மேலே ஏறுகிறது. கதவுக்கு வரும்போது, யாரோ மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்த வயிறு மாதிரி ஒட்டுகிறது. பின் சக்கரத்துக்கு மேலே பால் பொங்குகிற மாதிரி எழும்பி, வால்பக்கம் போய் அடங்குகிறது. நடுவில் கையை எடுக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. நேர்கோடு ஒன்றாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை. கண்ணாடியைச் சுற்றிக்கூட இல்லை.

அன்றைக்கு நான் தைக்க உட்காரவே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த டாக்டர் மாதிரி. நாலு மணிக்கு மேற்கு ஷட்டர் வழியாக வெயில் வந்தது. அந்த உடம்பின்மேல் ஒரு வெளிச்சக் கோடு முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் படுத்தது. நான் முக்காலியில் கொஞ்சம் நகர்ந்தேன், கோடும் நகர்ந்தது. ஓட்டமே இல்லாத வண்டி, நாலு செங்கல்மேல் நிற்கிறது. ஆனாலும் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. தையல்காரர் ஒரு நாள் சொன்னது அப்போதுதான் புரிந்தது. "இதுல வெட்டே இல்லம்மா, ஒரே துணி" என்றார். தையல் தெரிந்தவர் சொல்கிற பெரிய வார்த்தை அது.

டாக்டரிடம் கேட்டேன், இதை யார் செய்தார்கள் என்று. இத்தாலியில் நம்மைப் போன்ற பட்டறைக்காரர்கள்தானாம். கம்பியில் ஒரு கூடு மட்டும் கட்டிக்கொண்டு, மரக்கட்டையில் அலுமினியத் தகட்டை வைத்து, கண்பார்வைக்கே தட்டிக் கொண்டுவந்து விடுவார்களாம். மத்தியானம் சாப்பிடப் போய்விட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து தட்டியிருப்பார்கள். அவர்களுக்கும் வீட்டில் ஒருத்தி திட்டியிருப்பாள். அப்படிப்பட்ட ஆட்கள் இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மந்திரவாதி செய்தது என்றால்கூட நம்பிவிட்டுப் போய்விடலாம்.

இப்போது நான் சொல்ல வந்தது. வலது கதவின் மேடு, கைப்பிடிக்கு நாலு விரல் கீழே வருகிறது. இடது கதவில் ஐந்து விரல் கீழே வருகிறது. மூன்று நாள் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணி


ஜூலை 13

அண்ணிக்கு,

விரல் அளவு ரவிக்கைக்கு ஆகும். காருக்கு ஆகாது. வண்டி என்றால் ரெண்டு பக்கமும் ஒன்றுதான். உங்கள் மனசு இப்போது இருக்கிற நிலையில் கை அப்படித்தான் சொல்லும்.

நம்பிக்கை இல்லை என்றால் அளந்து பாருங்கள். காரின் மூக்குக்கு நட்டநடுவிலிருந்து வாலுக்கு நட்டநடு வரைக்கும் மேலே ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். தூக்குக்குண்டு பிடித்து அந்தக் கோட்டைத் தரைக்கு இறக்கிச் சாக்பீஸால் போடுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமும் ஹெட்லைட் குழி, கதவின் மேடு, பின் சக்கரத்து வளைவு, மூன்றிலும் குண்டு தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். கோட்டிலிருந்து புள்ளி எவ்வளவு தூரம் என்று எழுதி அனுப்புங்கள். அங்குலத்துக்கு எட்டு நூல், மறக்க வேண்டாம். தனியாகச் செய்யாதீர்கள், கயிறு தொய்யும்.

ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் வரும். வந்ததும் இந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

கயிற்றின் அந்தப் பக்கத்தை டாக்டர் பிடித்தார். வெள்ளைக் கோட்டோடு தரையில் தவழ்ந்து புள்ளி வைத்தார். பாவம், முட்டி தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கணக்கு டீச்சர் வந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தனித் தாளில் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஹெட்லைட் குழி, வலது இருபத்து நாலு அங்குலம், இடது இருபத்து மூன்று அங்குலம் ஐந்து நூல். கதவின் மேடு, இடது ரெண்டு நூல் வெளியே. பின் சக்கரத்து வளைவின் உச்சி, இடது ஆறு நூல் பின்னால். லாரி ஏறியதில் சட்டம் வளைந்திருக்குமோ என்று பார்த்தோம். சட்டம் நேர். பின்பக்கத்துக்கும் லாரிக்கும் சம்பந்தமே இல்லை. பிறந்ததே அப்படித்தான்.

டீச்சர் தாளை மேலிருந்து கீழே இன்னொரு முறை படித்தார். பிறகு சொன்னார், ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க மனுஷனால் முடியாது, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை என்று. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறை இல்லை. ரெண்டு ஆள் தட்டியிருக்கிறார்கள், தம்பி. வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர். ஆளுக்கு ஒரு கண். அன்றைக்கு அவர்கள் ஒருவருக்கொருவர் பேசாத நாளாகக்கூட இருந்திருக்கும். ஆனால் மூக்கில் வந்து சேரும்போது சேர்ந்துவிட்டார்கள். வந்து பாருங்கள், எங்கே சேர்ந்தார்கள் என்று தெரியாது.

ஆக, நீங்கள் ஸ்கேல் வைத்து அளந்தது ஒரு நூல்கூடத் தப்பில்லை. அளந்த பக்கம் வேறொருவருடையது. அவ்வளவுதான்.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இத்தனை நாள் சுற்றி வளைத்தேன்.

நீங்கள் மட்கார்டை மாட்டிய அன்றைக்கு, சனிக்கிழமை சாயங்காலம், நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். எப்போதும் கூப்பிடுவாரே, "வந்து கை வை" என்று. கண்ணை மூடிக்கொண்டு கதவிலிருந்து முன்னால் கையை ஓட்டினேன். நீங்கள் தட்டிய இடம் வந்ததும் கை தடுக்கியது. மேடு பள்ளம் இல்லை, வழவழவென்றுதான் இருந்தது. ஆனால் பேசிக்கொண்டே இருக்கிற ஆள் நடுவில் வேறு குரலில் பேசின மாதிரி. "இது அது இல்ல" என்றேன். மூன்று வார்த்தை. ஏன் என்று அவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாள் கத்தரியை எடுத்தார்.

வெட்டியது அவர் கை. வெட்டச் சொன்னது என் கை. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொல்லியிருக்கலாம், வாயைத் திறக்கவில்லை. ரெண்டு வருஷம் திறக்கவில்லை. அவர் போன பிறகும் திறக்காமல் உங்களை வேலைக்கு மட்டும் கூப்பிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போன பிறகு அவர் நாலு மட்கார்டு அடித்தார். நாலும் வலது பக்கத்தை அளந்து அடித்ததுதான். நீங்கள் ஒரு முறை செய்த தப்பை அவர் நாலு முறை செய்தார். நாலிலும் என்னைக் கை வைக்கச் சொன்னார். நாலுக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். ஐந்தாவதுதான் பாதியில் நிற்பது. அதைக் கதவோரம் வைத்துப் பார்த்தேன். கதவோடு போகிறது. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டதா, கைக்கு மட்டும் பிடிபட்டதா, தெரியாது. உங்களுக்கு எழுத நினைத்தாரா என்றும் தெரியாது. நினைத்தார் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். தெரியாததை எழுத மாட்டேன்.

அண்ணி


ஆகஸ்ட் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் பதில் போடவில்லை. முதல் வாரம் உங்கள்மேல் கோபம். நீங்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே நான் வந்திருப்பேன். இதை எழுதாமல் மேலே எழுத முடியாது, அதனால் எழுதிவிட்டேன்.

ரெண்டாவது வாரம் அண்ணன்மேல் கோபம். நாலு முறை தப்பாக அடித்த மனுஷனுக்கு ஒரு போஸ்ட் கார்டு வாங்கத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்து மூன்று அங்குலம் ஐந்து நூல். தப்பு என்றால் இவ்வளவு பெரிய தப்பு. பஸ்ஸில் இப்படி விட்டால் சூப்பர்வைசர் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார். அந்த இத்தாலிக்காரர் இவ்வளவு தப்பாக அடித்தும் உலகமே அதைப் பார்த்து வாயடைத்து நிற்கிறது. சரியாக அடித்த என்னுடையது குப்பைக்குப் போயிற்று. யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. ரூமில் இருக்கிறவன் என்னைப் பார்த்து, மறை கழன்றுவிட்டதா என்று கேட்டான்.

ஆனால் வந்து என்ன செய்வேன்? இடது பக்கத்துக்கு இடது பக்கம்தான் அளவு. அது லாரிக்கு அடியில் போயாயிற்று. அளவே இல்லாத ஒன்றை அடிக்க வேண்டும் என்றால் கண் வேண்டும். அண்ணனுக்கு இருந்தது. எனக்கு இருப்பது ஸ்கேல்தான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் சொன்னது சரி என்று இவ்வளவு தூரத்தில் இருந்து ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

கோபத்தை எழுதியது நல்லது. எனக்கும் அது வேண்டியிருந்தது. எல்லோரும் என்னிடம் பஞ்சில் சுற்றிப் பேசுகிறார்கள்.

அளவு போய்விட்டது என்கிறீர்கள். போகவில்லை. சொல்கிறேன், கேளுங்கள்.

நேற்று கண்ணை மூடிக்கொண்டு இடது பக்க வாலில் கை வைத்து முன்னால் வந்தேன். பின் சக்கரம், கதவு, கதவின் ஓரம். அதற்குமேல் தகடு இல்லை. நான் கையை நிறுத்தவில்லை. கை காற்றில் போயிற்று. ஏறியது, வளைந்தது, கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. கண்ணைத் திறந்தால் ஹெட்லைட் குழிக்கு ஒரு விரல் தள்ளி நிற்கிறது. பயந்துவிட்டேன். மறுபடி செய்தேன். பத்து முறை செய்தேன். பத்து முறையும் அதே இடம். அந்த இத்தாலிக்காரர் கதவு வரைக்கும் சொன்ன பேச்சு, அடுத்து என்ன வரும் என்று கேட்கிறவருக்கே தெரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார். எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ தட்டிய ஆள். என் கையைப் பிடித்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறார். ஒரு சீட் கவர் தைக்கிறவள் கையை. 

கை போன வழியே கம்பி வளைத்துக் கட்டியிருக்கிறேன். கோணலாகத்தான் இருக்கும். அவர் விட்ட ஐந்தாவது தகட்டை அதன்மேல் வைத்தேன். கதவிலிருந்து பாதி தூரம் வரை ஒட்டிக்கொண்டு வருகிறது. மீதிப் பாதி சும்மா தட்டையாகக் கிடக்கிறது.

உங்களுக்குக் கண் இல்லை என்றால் என் கையை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டுங்கள், நான் தொடுகிறேன். இந்த முறை தப்பு என்றால் உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அதற்கும் மனசு வரவில்லை என்றால், அந்தக் கம்பியை வந்து பார்த்து, அண்ணிக்குக் கம்பி வளைக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போவதற்காகவாவது வாருங்கள்.

அண்ணி


செப்டம்பர் 22

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இருபத்தொரு நாள் லீவுக்குச் சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி, கல்யாணமா என்று. ஆமாம், ஒரு மட்கார்டோடு என்றேன்.

கொடுத்தனுப்பிய துணிப்பையில் அவருடைய கொட்டாப்புளி இருந்ததை இங்கே வந்துதான் பார்த்தேன். கேட்காமல் வைத்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த மூன்று வாரத்தில் என் பையிலிருந்து ஸ்கேலை நான் ரெண்டு முறைதான் எடுத்தேன். ரெண்டு முறையும் நீங்கள் பிடுங்கி உங்கள் மிஷின் டிராயரில் வைத்தீர்கள். முதல் நாலு நாள் வீணாய்ப் போனதைச் சொல்ல மாட்டேன். ஐந்தாம் நாள், அவர் தட்டி விட்ட தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்னச் சின்ன அடி, ஒன்றின்மேல் பாதி இன்னொன்று, மீன் செதில் மாதிரி. எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் அடுத்த அடியை வைத்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. தகடு போக விரும்புகிற பக்கம் ஒன்று இருக்கிறது. நான் அதன் வழியில் நிற்காமல் இருந்தேன், அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். இப்படி ஒன்று இதற்குள் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணன் சொல்லிப் பார்த்திருப்பார், எனக்குத்தான் காது இல்லை.

இப்போது பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்தால் கை அரிக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். கடைசி நாள், மாட்டி முடித்ததும் நீங்கள் கண்ணை மூடிக் கை வைத்தீர்கள். வாலிலிருந்து மூக்கு வரைக்கும் போனீர்கள். திரும்பி வந்தீர்கள். மறுபடி போனீர்கள். ஒன்றும் சொல்லாமல் உங்கள் அறைக்குள் போய்விட்டீர்கள். மிஷின் சத்தமும் வரவில்லை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாசலில் நின்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

வழி முழுக்க அதே நினைப்பு. முகத்தைப் பார்த்துச் சொல்வேன் என்றீர்கள், சொல்லவில்லை. நான் மறுபடி உடைந்துவிடுவேன் என்று விட்டுவிட்டீர்களா? பெயின்ட் அடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள். தப்பென்றால் மறுபடி வந்து ஆறாவது அடிக்கிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

தம்பி


அக்டோபர் 1

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் பெயின்ட் அடித்தாயிற்று. எஞ்சினையும் மெக்கானிக் ஓட வைத்துவிட்டார். முந்தாநாள் கார் பட்டறையை விட்டுப் போய்விட்டது. முதலில் அதைச் சொல்கிறேன், பிறகு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வெளியே எடுத்தார்கள். டாக்டர் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எல்லோரும் திங்கட்கிழமை என்றும் பாராமல் வந்துவிட்டார்கள். பஸ் டிரைவர் டியூட்டியில் இருந்தார். அவர் பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். உள்ளே இருந்த பயணிகள் கத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

எஞ்சின் சத்தம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு அதுவும் ஒரு பாட்டு மாதிரியாம். நான் பார்த்தது வேறு. கார் தெருமுனையில் திரும்பும்போது இடது பக்கம் முழுசாக வெயிலுக்கு வந்தது. அந்த வெளிச்சக் கோடு ஹெட்லைட்டில் பிறந்து, சக்கரத்துக்கு மேலே ஏறி, கதவைத் தொட்டு, வால் வரைக்கும் ஓடியது. உடையவில்லை. ஓரிடத்தில்கூட நடுங்கவில்லை. ஒரு கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் கார் போய்விட்டது. தெருவில் ஒருவரும் நகரவில்லை. எதிர்க்கடைக்காரர் தராசில் ஏதோ நிறுத்துக்கொண்டிருந்தவர், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வார்த்தை சின்னது, யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

இதை மனுஷர்கள் தட்டினார்கள் என்று எனக்கு மறுபடி மறுபடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் ரெண்டு பேருக்கு நான் சோறு போட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வி.

நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நான் வாயை மூடவில்லை. ஒரு முறை மூடியதற்குப் பட்டது போதும்.

அன்றைக்கு நான் தப்பைத் தேடவில்லை, தம்பி. அதுவரைக்கும் தினமும் நீங்கள் தட்டும்போது தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன். கடைசி நாள் கை வைத்தபோது எனக்கு வேறு ஆசை. அந்த மட்கார்டில் ஓரிடம் இருக்க வேண்டும். அவர் கொட்டாப்புளி நின்ற இடம். அதற்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நீங்கள். அந்த இடத்தில் ஒரு முறை விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். எனக்கென்று அது ஒன்று போதும் என்று நினைத்தேன். வாலிலிருந்து போனேன். கிடைக்கவில்லை. தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பி வந்தேன். கிடைக்கவில்லை. மறுபடி போனேன். கை நிற்காமல் மூக்குக்குப் போய்விட்டது.

எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் உங்களைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வயசில் சின்னவரைக் கும்பிட முடியாது. அதனால்தான் உள்ளே போனேன்.

நேற்று டாக்டர் காரைக் கழுவிவிட்டு, என்னைப் பார்த்துப் போக வந்திருந்தார். பெரியவர் அடித்தது எதுவரைக்கும், சின்னவர் அடித்தது எங்கேயிருந்து, உங்கள் கைக்குத் தெரியும், தொட்டுக் காட்டுங்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் நம்பாமல் சிரித்தார், ஏதோ தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு போனார்.

நீங்கள் நம்புங்கள். எனக்குத் தெரியாது.

அண்ணி